சத்திரத்துக்குப் பின்னால் இருந்த கிணறு

கும்மிடிப்பூண்டி ஆலையில் கிரேன் ஓட்டிய என் கணவருக்குத் தலையில் அடிபட்டு ஐந்தாவது மாதம், பொன்னேரி டாக்டர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார்.

"அவருக்கு முன்னாடியே நல்லா பழக்கமானது எதுனா குடும்மா. எங்கெங்க தடுமாறுறாருன்னு எழுதிக்கினு வா."

அதைப் பார்த்துத்தான், அவர் மறுபடி கிரேன் ஏறலாமா என்று டாக்டர் சான்று எழுதித் தருவார்.

அவருக்கு மனப்பாடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. நான்கு பேரை ஊர் ஊராக நடத்திப் போய், ஆட்களோடு பேசி, சண்டை போட்டுக் கதையை முடிக்க வேண்டும். கல்யாணமான புதிதில், ஷிப்ட் முடிந்து குளித்ததும் அதைத்தான் திறப்பார். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்தபடி அரைக்கண்ணால் பார்ப்பேன்.

அதையே இப்போது புதிதாக வெளியிட்டிருந்தார்கள். பிழைகள் திருத்தப்பட்ட பதிப்பு என்று போட்டிருந்தது. திருத்தியதுதானே நல்லது என்று லேப்டாப்பில் அதைப் போட்டுக் கொடுத்தேன்.

முதல் ஊரிலேயே நின்றுவிட்டார்.

"கெணறு எங்க? சத்திரத்துக்குப் பின்னால இருந்துச்சே."

"அங்க இல்லியேங்க. நல்லா பாருங்க."

"கொல்லன் பொண்ணு ஒரு பாட்டம் பேசுவாளே. இப்ப இன்னா, ஊமையாயிட்டாளா?"

அவர் சிரித்தார். நான் எழுதினேன்: கிணறு. கொல்லன் மகள். ஒரு வாரத்தில் பதினோரு வரி சேர்ந்தது. அதற்குள் அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். கடைசியில் மவுஸைத் தள்ளி வைத்தார்.

"எல்லாம் பூட்ச்சு எனுக்கு. புள்ளைய எங்கிட்ட தனியா வுடாத."

டாக்டர் பதினோரு வரியையும் படித்தார். கிரேன் கூடாது என்று எழுதினார். ஆலையில் அவரைக் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

போன மாதம், அவர் முன்பு விளையாடிய பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடுமுன், எங்கள் மகள் பிறந்தபோது எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று திறந்தேன். அவருடைய சி.டி. உள்ளேயே இருந்தது. விளையாட்டைப் போட்டேன். சத்திரத்துக்குப் பின்னால் கிணறு. கொல்லன் மகள் குரலெடுத்துப் பேசினாள்.

மூன்று நாள், மகள் தூங்கும் மதியங்களில், இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எட்டு இடங்களில் அவர் சொன்னதே சரி. மாறியது விளையாட்டு. மீதி மூன்றும் இரண்டு பதிப்பிலுமே இல்லை. பள்ளி நாட்களில் அவர் ஆடியது இதற்கும் முந்தைய ஃபிளாப்பி பதிப்பு. அதில் இருந்திருக்குமோ? தேடினேன், கிடைக்கவில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இத முன்னாடியே பாத்திருக்கக் கூடாதாம்மா? சரி, மீதி மூணு? கிரேனுக்குக் கீழ ஆளுங்க நிப்பாங்க இல்ல?"

சான்று மாறவில்லை.

வீட்டுக்கு வந்து கிணற்றைக் காட்டினேன். மவுஸை எடுத்துக் கிணற்றை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"அப்ப நான் சொன்னது சரிதானா? எல்லாமேவா?"

எட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து, "எல்லாமே சரிதாங்க" என்றேன்.

அடிபட்ட பிறகு முதல் தடவையாக, மகளைத் தானே தூக்கி பைக்கின் முன்னால் உட்கார வைத்தார். "பால் வாங்கினு வந்துர்றோம்" என்றார். நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கடை ரெயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அவர்கள் திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றேன். இப்போது தினமும் போகிறார்கள். தினமும் நிற்கிறேன்.