ஏரியில் கூப்பிட்ட பெயர்

போன வாரம் ஒரு போன். பேசியது ரேவதி. இந்தப் பத்தியை விடாமல் படிக்கிற பெண். பிறந்தது காட்டூர், வாழ்க்கைப்பட்டது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். இரண்டாவது குழந்தை பிறந்ததை ஏற்கெனவே மெசேஜில் சொல்லியிருந்தாள்… இரண்டாவதும் பெண். நானும் நாலைந்து பூ இமோஜி அனுப்பிக் கடமையை முடித்திருந்தேன்.

இப்போது விஷயம் வேறு.

"அக்கா, பாப்பாவுக்கு போதும்பொண்ணுனு பேர் வெக்கணும்னு மாமனார் ஒத்தக் கால்ல நிக்கிறாரு. வயித்துல இருக்கும்போதே நான் ஆதிரானு கூப்ட்டுப் பழகிட்டேன். நீங்க ஒரு வாட்டி வந்து சொல்லுங்களேன். எழுதுறவங்க சொன்னா கேப்பாரு."

எழுதுகிறவர்கள் சொன்னால் கேட்பார்களா? என் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை! ஆனாலும் மனசு கேட்கவில்லை. பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ் என்று கிளம்பிவிட்டேன்.

உங்களுக்கும் ஒரு போதும்பொண்ணுவைத் தெரிந்திருக்கும். வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தால், கடைசிக் குழந்தைக்கு இந்தப் பெயரை வைத்துவிடுவார்கள். கடவுளுக்குச் சொல்லி அனுப்புகிறார்களாம் — இனிமேல் பையனாகக் கொடு என்று. கடவுளுக்குத் தகவல் சொல்ல ஒரு பச்சைக் குழந்தைதான் கிடைத்ததா?

மாமனார் தங்கமான மனிதர். உட்காரச் சொல்லி, இளநீர் சீவிக் கொடுத்தார். ஆனால் பெயர் விஷயத்தில் மட்டும் அசையவில்லை.

"இன்னா மேடம், சும்மாவா சொல்றேன்? எனுக்கு மொத ரெண்டும் பொண்ணு. ரெண்டாவதுக்கு போதும்பொண்ணுனு வெச்சேன். அடுத்து பையன் பொறந்தானா இல்லியா? தோ நிக்கிறான் பாரு. டெஸ்ட் பண்ண பேரு மேடம் இது!"

தோ என்று அவர் கை காட்டியது ரேவதியின் கணவர் சேகரை. அவர், "நைனா சொன்னா சரிதான்" என்று சட்டைப் பட்டனை மாட்டிக்கொண்டே வெளியே நழுவினார். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை. மனைவிக்காக ஒரு வார்த்தை பேச வேண்டிய நேரத்தில் இந்தக் கணவர்களுக்கு எப்படித்தான் ஷிப்ட் வந்துவிடுகிறதோ!

அந்த 'டெஸ்ட் பண்ண பேரு' அதே வீட்டில்தான் உட்கார்ந்திருந்தது. போதும்பொண்ணு. சேகரின் அக்கா, ரேவதிக்கு நாத்தனார். நாற்பதைத் தாண்டியவர். அடுத்த தெருவில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இறால் தலையைக் கிள்ளிக் கிள்ளிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் அவ்வளவு நேரம் அவர் பெயரை வைத்து வாதாடுகிறோம்… தலை நிமிரவில்லை.

"நீங்க சொல்லுங்களேன் அண்ணி" என்றாள் ரேவதி.

"நைனா ஏரில கூப்டட்டும். அங்க பாத்துக்கலாம்" என்றார், ஒரே வரியில். அப்பா பக்கம் சாய்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏரியில் கூப்பிடுவதா? ரேவதிதான் விளக்கினாள். அந்தக் குப்பத்துப் பெண்கள் ஏரியில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிக்கிறவர்கள். மார்பளவுத் தண்ணீரில் கழுத்து முங்கக் குனிந்து, சேற்றில் விரலை ஓட்டிக்கொண்டே போகிறார்கள். காற்று கிளம்பினாலோ பனி மூடினாலோ ஒருத்தியை ஒருத்தி பார்க்க முடியாது. அப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "தோ கீறேன்!" என்று பதில் வந்தால் அவள் பத்திரம். பதில் வராவிட்டால், யாரும் கரையேறுவதில்லை.

அதனால் அங்கே ஒரு வழக்கம். பெண் குழந்தையின் பெயரை வீட்டில் காதில் ஓதுவதற்கு முன், குடும்பத்துப் பெரியவர் ஏரியில் போய் மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். தண்ணீரில் நிற்கும் பெண்கள் குழந்தைக்காகப் பதில் சொல்ல வேண்டும். அவளுக்குப் பேச்சு வரும்வரை அவளுக்கு வாயாக இருப்போம் என்று அர்த்தமாம். பதில் வந்தால்தான் அது பெயர்.

எனக்குப் புல்லரித்தது. ஊர் உலகத்தில் எத்தனையோ பெயர் சூட்டு விழாவுக்குப் போயிருக்கிறேன். ஹால், பலூன், போட்டோ ஷூட்… இப்படி ஒரு வாக்குறுதியை எங்கேயும் கேட்டதில்லை.

"பதில் வராமப் போயிருக்கா?" என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் இல்லக்கா. அதான் பயமா இருக்கு."

மறுநாள் காலை. படகில் நாலு பேர். கழி ஊன்றியது மாமனார். மடியில் பாப்பாவோடு ரேவதி. படகின் இரண்டு விளிம்பையும் இறுகப் பிடித்தபடி நான்! எனக்கு நீச்சல் தெரியாது. "விழுந்தா எழுந்து நில்லு மேடம், மார் அளவுதான்" என்று தைரியம் சொன்னார் மாமனார்.

சற்றுத் தள்ளி, தண்ணீருக்கு மேல் வெறும் தலைகள். ஒவ்வொருத்தி வாயிலும் ஒரு பனை ஓலைக் கூடை, பறி என்கிறார்கள். இரண்டு கையும் சேற்றில் தேடும். கிடைத்த இறால் பறிக்குள் போகும். பறியைப் பிடித்திருப்பதோ பற்கள். எவ்வளவு நேரம் அப்படி? வெயில் ஏறும்வரை என்றார்கள். எனக்குத் தாடை வலித்தது, பார்த்ததற்கே.

படகைக் கண்டதும் எல்லாரும் நின்றார்கள். நடுவில் போதும்பொண்ணு.

மாமனார் எழுந்து நின்று, வாயருகே கை குவித்து, பேத்திக்காகக் கூப்பிட்டார்.

"போதும்பொண்ணூ…!"

மற்ற பெண்கள் பறியைக் கையில் எடுத்துவிட்டார்கள். ஆனால் பதில் சொல்லவில்லை. அத்தனை பேரும் நடுவில் நின்ற போதும்பொண்ணுவைத்தான் பார்த்தார்கள். அந்தப் பெயருக்கு வாழ்நாள் முழுக்கப் பதில் சொன்னவர் அவர்தானே? அவர் முதலில் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

அவர் வாயில் பறி இருந்தது.

"போதும்பொண்ணூ…!" இரண்டாம் முறை. மூன்றாம் முறை. மாமனாரின் குரல் உடைந்தது. பறியை இன்னும் அழுத்திக் கடித்துக்கொண்டு, அப்பாவை நேராகப் பார்த்தபடி நின்றார் அந்த மகள். ஏரியில் ஒரு சத்தமில்லை.

அப்போது என் பக்கத்தில் ஒரு சின்னக் குரல். ரேவதி. கூப்பிட வேண்டியது பெரியவர்தான், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஆதிரா…"

நிஜமாகவே சின்னக் குரல்தான். பாப்பாவுக்கே கேட்டிருக்குமோ என்னவோ.

போதும்பொண்ணு வாயிலிருந்து பறியை எடுத்தார்.

"தோ கீறேன்!"

அடிவயிற்றிலிருந்து வந்த குரல் அது. அடுத்த நொடி அத்தனை பெண்களும்… "தோ கீறேன்! தோ கீறேன்!" நாலா பக்கமிருந்தும், தண்ணீரிலிருந்தே கிளம்பியதுபோல வந்தது. நான் அழுதுவிட்டேன். சொல்வதில் என்ன வெட்கம்? ஒரு மாதக் குழந்தைக்காக இத்தனை பேர் 'இருக்கிறேன்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேவதி குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வழக்கம் வழக்கம்தான், பதில் வந்த பெயர்தான் பெயர். மாமனார் படகைத் திருப்பினார். வீட்டில் காதில் பெயர் சொல்ல அத்தை வேண்டுமே? மகள் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

"போதும்பொண்ணு, வந்து ஏறு. வூட்டுக்குப் போலாம்."

அவர் நகரவில்லை. மார்பளவுத் தண்ணீரில், கையில் பறியோடு அப்படியே நின்றார்.

"ஏறும்மா."

"ஆதிரா அத்தைனு கூப்டு நைனா. ஏர்றேன்."

கோபமே இல்லை அந்தக் குரலில். ஏதோ குடிக்கத் தண்ணீர் கேட்கிற மாதிரிதான் கேட்டார். மாமனார் கழியைப் பிடித்தபடி நின்றார். தூரத்தில் தெரிந்த துறைமுகக் கிரேன்களைப் பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். கடைசியில்தான் மகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு கூப்பிட்டார், எல்லாப் பெண்களுக்கும் கேட்கும்படி.

"ஆதிரா அத்தே… வாம்மா!"

"தோ வர்றேன் நைனா!"

ஆக, அன்று காலை அந்த ஏரியில் இரண்டு பெண்களுக்குப் பெயர் வைத்தாயிற்று!