பஸ் படமும் நான் விட்ட இடைவேளையும்

தியேட்டர் வேலை என்றால் ஓசியில் படம் பார்ப்பது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. டிக்கெட் கிழித்து, சோளப்பொரி அள்ளி, கதிரைகளுக்கு அடியில் கூட்டிப் பெருக்கிய என் இனத்தவரே, இது உங்களுக்கு. சுவிஸில், ஷாஃப்ஹவுசன் நகரில் ஒரு சின்னத் தியேட்டரில் இந்த வேலைகளுக்கெல்லாம் நான்தான்.

நாய்க்கு உத்தரவாதம்

அமெரிக்காவில் ஒரு பெண், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கைக்காசில் எடுத்த படம் அது. சின்ன ஊரொன்றில் பஸ் ஓட்டும் தாய், கோபித்துக்கொண்டு போன மகள், அவ்வளவுதான் கதை. தனியாகப் போட்டுப் பார்த்த அன்றே நான் அழுதுவிட்டேன். முதலாளியம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் திரையிட வைத்தேன். புதன்கிழமைக்குள் மண்டபம் ஒரு தடவையாவது நிரம்பாவிட்டால், வியாழனிலிருந்து இதை எடுத்துவிட்டுக் கார்ட்டூன் படம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

முதல் காட்சிக்கு ஆறே பேர். போஸ்டரில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்ற நாயைக் காட்டி ஒரு பெண்மணி கேட்டார்: "இந்த நாய் சாகாது என்று உத்தரவாதம் தருவீர்களா?"

போய்ச் சேராத பஸ்

அந்த ஆறு பேரில் ஒருவர் உள்ளூர்ப் பத்திரிகை விமர்சகர். 'பஸ் போகிறது, போகிறது, எங்கும் போய்ச் சேரவில்லை' என்று எழுதிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லதோ கெட்டதோ, விமர்சனத்தை வாசல் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்பது முதலாளியம்மாவின் சட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினேன்.

இதே ஊரில் பஸ் ஓட்டுகிற யோகன் அண்ணை அதை நின்று வாசித்தார். "ரெண்டு மணித்தியாலம் பஸ் ஓடுதாமோ? அதைத்தானே தம்பி நான் நாள் முழுக்கப் பாக்கிறன். எண்டாலும் வாறன், அவ ஒழுங்கா ஓட்டுறாவோ எண்டு பாப்பம்."

கதவு திறக்குமா?

இங்கே படத்தை நடுவில் நிறுத்தி ஐஸ்கிரீம் விற்பது வழக்கம். எங்கே நிறுத்துவது என்று மெஷினில் குறிப்பது என் வேலை. முதல் நாள் அவசரத்தில் சரிபாதியில் குறித்துவிட்டேன். பஸ் கழுவுகிற காட்சியில் விளக்கு எரிந்தது. தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்தவன் செய்கிற காரியமா அது?

யோகன் அண்ணை வந்த அன்று இடத்தை மாற்றினேன். கொட்டும் பனியில் மகள் நிற்கிறாள். தாய் பஸ்ஸை நிறுத்துகிறாள். கதவைத் திறக்கும் பொத்தானுக்குக் கை போகிறது. இடைவேளை! ஐயோ, அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! பக்கத்து வீட்டுக்காரரோடுகூட அளந்து கதைக்கிற சனம், முன்பின் தெரியாதவர்களோடு 'திறப்பாள், மாட்டாள்' என்று வாதாடியது. ஐஸ்கிரீம் வாங்க ஒருவரும் எழும்பவில்லை. யோகன் அண்ணை மட்டும் எழும்பி நின்று கத்தினார்: "கதவைத் திறக்கச் சொல்லடா தம்பி, பிள்ளை குளிருக்க நிக்குது!"

புதன்கிழமை

அண்ணை வேலையிடத்தில் என்ன கதைத்தாரோ, புதன் மாலை பஸ் ஓட்டுநர்கள் சீருடையோடு வரிசையில் நின்றார்கள். கூடவே குடும்பங்கள். மண்டபம் நிரம்பியது! எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. இதென்ன கூட்டம் என்று பார்க்க விமர்சகரும் வந்தார். கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது.

படம் முடிந்ததும் சிவந்த கண்களோடு என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "போன தடவை நான் இடைவேளையோடு வீட்டுக்குப் போய்விட்டேன்." பின்னால் நின்ற முதலாளியம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. கார்ட்டூன் போஸ்டரைச் சுருட்டி என் கையில் திணித்தார். "இன்னும் ஒரு வாரம் ஓடட்டும். இடைவேளையில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்."

விமர்சனம் எழுதுகிறவருக்குப் பொறுமை இல்லாவிட்டாலும் போகட்டும், இடைவேளை விடுகிறவனுக்காவது ரசனை இருக்க வேண்டும்.