தோமா வேஷம்

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் மிகக் கொஞ்சம். ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஈஸ்டருக்கு நாடகம் போட வேண்டுமென்று எங்கள் சபையை நடத்திய உபதேசியாருக்கு ஆசை வந்தது. இயேசுவாக நடிக்க என் வீட்டுக்காரரைப் பிடித்தார். மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். உயரமான ஆள், தாடியும் இருந்தது. உயிர்த்தெழுந்தவரின் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீஷன் தோமாவாக நடிக்கவிருந்தவர் கால் சுளுக்கிப் படுத்துவிட, உபதேசியார் நேரே எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார்.

"ஏம்மா, நீதான் தோமா."

"நான் பொம்பளைங்க ஐயா."

"மீசைக்குக் கரி இருக்கு. வேதபாட வகுப்புல நீ கேக்குற கேள்விய எந்த ஆம்பளை கேக்குறான்?"

வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின வருஷம் எங்கள் முதல் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. முழங்கால் வலிக்க வலிக்க ஜெபித்தும் போய்விட்டது. "கர்த்தருக்குப் பிடிச்ச பிள்ளை, எடுத்துக்கிட்டாரு" என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். ஆராதனையில் பாட்டு வரும்போது வாயை மட்டும் அசைப்பேன். வீட்டுக்காரரிடம் மட்டும் ஒரு நாள் சொன்னேன்: "அங்க யாராச்சும் கேக்குறாங்களான்னே எனக்குத் தெரியலைங்க."

"எனக்கும் சில நாள் தெரியல புள்ள. வா, சேர்ந்தே போவோம்" என்றார்.

அதனால்தான் வேஷத்துக்கும் சம்மதித்தேன். ஒத்திகையில் ஒரு விஷயம் மனதில் பட்டது. நம்பமாட்டேன் என்று தோமா முகத்துக்கு நேரே சொன்ன பிறகும் மற்றச் சீஷர்கள் அவனை விரட்டவில்லை. ஒரு வாரம் அவர்களோடேதான் இருந்திருக்கிறான். சோறும் போட்டிருப்பார்கள்.

ஈஸ்டர் அன்று சாயங்காலம், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டமே கூடியது. இந்துக் குடும்பங்களின் கோயில் திருவிழாவுக்கு நாங்கள் போவது போல அவர்களும் எங்கள் நாடகத்துக்கு வந்திருந்தார்கள். முடிந்ததும் அவித்த கடலையும் தேத்தண்ணியும் உண்டு என்பதும் ஒரு காரணம். நான் கரிமீசையோடு போய் இயேசுவின் முன்னால் நின்றேன். அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். உள்ளங்கைகளில் ஆணிக்காயமாகப் பீட்ரூட் சாறு. இடது கையில் சாற்றுக்கு அடியில் நிஜமான தழும்பு ஒன்று இருந்தது. போன பனிக்காலத்தில் கவ்வாத்துக் கத்தி வழுக்கி விழுந்த வெட்டு. தினமும் கழுவிக் கட்டுப்போட்டவள் நான்தான். விரலை வைத்தேன்.

"மெதுவா புள்ள, இன்னும் வலிக்குது" என்று இயேசு முணுமுணுத்தார்.

எனக்கு வசனம் மறந்துவிட்டது. செத்துப் பிழைத்து வந்தவருக்குக் காயத்தை மறைத்துக்கொள்ளத் தெரியாதா? மறைக்காமல், கோபிக்காமல், தொட்டுப் பார் என்று கையை நீட்டினாரே என்று நினைத்தபடி அப்படியே நின்றேன். கூட்டத்திலிருந்து என்னோடு கொழுந்தெடுக்கும் பக்கத்து வீட்டு அக்கா கத்தினாள்:

"நம்பிட்டேன்னு சொல்லிப்புடு தங்கச்சி, கடலை ஆறுது!"

"இருங்கக்கா, பாத்துட்டுச் சொல்றேன்!" என்று நானும் கத்திவிட்டேன்.

களமே சிரித்தது. உபதேசியார் தலையில் கைவைத்துக்கொண்டார். இயேசுவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், "என் ஆண்டவரே" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஒரு வருஷமாக வராத வார்த்தை. கண்ணீரில் மீசை கரைந்து தாடைவரை ஓடியது.

சந்தேகம் அன்றோடு போய்விடவில்லை. பின்னால் மகள் பிறந்து, அவளுக்கு முதல் காய்ச்சல் வந்தபோது பழைய பயமும் கேள்வியும் சேர்ந்தே திரும்பின. இரண்டொரு நாளில் இறங்கிவிட்ட சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் அன்று அது எங்களுக்குத் தெரியாது. இந்த முறை நான் வாயை மட்டும் அசைக்கவில்லை. தொட்டிலைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே ஜெபிக்க ஆரம்பித்தேன்.

"நீங்க கேக்குறீங்களோ இல்லையோ, நான் சொல்லவேண்டியதச் சொல்லிடுறேன்."

தொட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற வீட்டுக்காரர், "ஆமென்" என்றார்.

"இன்னும் முடிக்கலைங்க" என்றேன்.