நேமாவின் அம்மா ஊர் பார்க்க வந்தார்

போன வாரம் இரண்டு நாள் எனக்கு டூரிஸ்ட் கைடு வேலை. சம்பளம் கிடையாது. மத்தியானச் சாப்பாடு உண்டு.

எங்கள் வீட்டு மாடியில் நேமா என்று ஒரு பெண் குடியிருக்கிறாள். தான்சானியாக்காரி. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு காலேஜில் பார்மஸி மூன்றாம் வருஷம். நம் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்கிறார்கள் என்று கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். யாரோ ஒரு அம்மா ஆப்பிரிக்காவில் உட்கார்ந்துகொண்டு, "என் பொண்ணு புதுக்கோட்டையில படிக்கிறா" என்று சொல்லிக்கொண்டிருப்பார் என்று எப்போதாவது நினைத்திருக்கிறோமா?

அந்த அம்மாதான் வந்திருந்தார். கூடவே அவருடைய தம்பி இமானுவேலும்.

நேமா அம்மாவை 'மாமா' என்று கூப்பிடுவாள். அவர்கள் மொழியில் அம்மாவுக்கு அதுதான் வார்த்தை. வழக்கமாக எங்களுக்குக் கார் ஓட்டும் செபஸ்தியான் முதல் நாளே குழம்பிப்போனான்.

"அக்கா, மாமாங்குறது அந்த அம்மாவையா? அப்ப இவரு யாரு?"

"இவர் அம்மாவோட தம்பி."

"தாய்மாமனா? அதை மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றவன், முன் சீட்டில் இருந்த தன் துண்டு, தண்ணி பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இமானுவேலை அங்கே உட்காரவைத்தான். இரண்டு நாளும் அந்த சீட் அவருக்குத்தான். காரணம் தெரியாமலே அவரும் சந்தோஷமாக வந்தார்.

எல்லாம் கலகலப்பாக இருந்தது போலத் தோன்றும். இல்லை. ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

போன வருஷம் நேமாவின் அப்பா இறந்துபோனார். மாரடைப்பு. செமஸ்டர் நடுவில் செய்தி வந்தது. டிக்கெட் எடுத்து, விமானம் மாறி மாறி இவள் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும், வர வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். மாடி அறையில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தாள். நான் காப்பி எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி. நாளைக்கு எனக்கு இன்டர்னல் இருக்கு."

அவ்வளவுதான். அன்றைக்கு அவள் அழவில்லை. அதற்குப் பிறகும் நான் பார்க்க அழுததில்லை.

அம்மா வந்தது ஊர் பார்க்க அல்ல. வந்த அன்று சாயங்காலமே சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றார். ஊரில் ஸ்கூல் டீச்சர். நிதானமான இங்கிலீஷ்.

"போனில் கேட்டால் சாப்பிட்டேன், படிக்கிறேன் என்கிறாள். அவள் அப்பாவைப் பற்றிப் பேச்சை எடுத்தால் கிளாஸுக்கு நேரமாச்சு என்கிறாள். அவளை இங்கே தனியாக விட்டுவைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் வந்தேன்."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

நேமாவோ பெரிய புரோகிராம் போட்டு வைத்திருந்தாள். சித்தன்னவாசல், திருமயம், விராலிமலை... மூச்சு விட நேரம் இல்லாத புரோகிராம். ஊர் சுற்றிக்கொண்டே இருந்தால் உட்கார்ந்து பேச வேண்டியதில்லை அல்லவா?

சனிக்கிழமை சித்தன்னவாசல். குகைக்குள் அண்ணாந்து பார்த்தால் கூரையில் தாமரைக் குளம் — மீன், வாத்து, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் மங்கலாகத் தெரியும். நேமா ஒவ்வொன்றையும் விரலால் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். அம்மா விரலைப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார். கழுத்தெலும்பைப் பார்த்தார். கூரையை மட்டும் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் மகன் வெளிநாட்டில் படித்தபோது நானும் போயிருந்தேன். பெரிய பாலம், பெரிய அரண்மனை என்று அவன் காட்டியதெல்லாம் இப்போது ஞாபகம் இல்லை. அவனுடைய ஸ்வெட்டரில் ஒரு பட்டன் இல்லாமல் இருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெற்றவர்களுக்கு ஊர் ஒரு சாக்கு. பிள்ளைதான் பார்க்க வேண்டிய இடம்.

திருமயம் கோட்டையில் காற்று அள்ளிக்கொண்டு போனது. இமானுவேல் பீரங்கியோடு போட்டோ எடுத்துக்கொண்டார். கோட்டை மதிலோரம் உட்கார்ந்திருந்தபோது அம்மா மெதுவாக ஏதோ சொன்னார். "பாபா" என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. அப்பா. நேமா உடனே எழுந்து, "ஆன்ட்டி, லேட் ஆயிருச்சு, எறங்கலாமா?" என்று என்னிடம் தமிழில் கேட்டாள். அம்மா சேலைத் தலைப்பு போலப் போர்த்தியிருந்த துணியை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தார்.

திரும்பி வரும்போது செபஸ்தியான் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அந்தம்மா ஏன்க்கா ஒரு மாதிரியா இருக்காங்க?" என்றான். சொன்னேன். வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"அவுங்களும் எங்க வேதமாக்கா?"

"ஆமாப்பா, கத்தோலிக்கர்தான்."

"அப்ப நாளைக்கு விராலிமலைக்குப் போறப்ப எங்க ஆவூருக்குப் போயிட்டுப் போவோம். ஞாயித்துக்கெழமை பூசை பாத்த மாதிரியும் இருக்கும். போற வழிதான்."

போகிற வழி இல்லை. நல்ல சுற்று. ஆனாலும் சரி என்றேன்.

ஆவூர் கோயில் பழசு. உள்ளே குளுமையாக இருந்தது. பெண்கள் ஒரு பக்கம், முக்காடு போட்டுக்கொண்டு. நான் மாரியம்மன் கோயில்காரி. கடைசி வரிசையில், எல்லோரும் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்துகொண்டிருந்தேன். பூசை தொடங்கும் முன் செபஸ்தியான் நேமாவிடம் குனிந்து, "ஒங்க அப்பா பேரு என்ன பாப்பா?" என்று கேட்டான். "அலோய்ஸ்" என்றாள். அவன் உள்ளே எங்கோ போய்விட்டு வந்தான்.

நடுவில் சாமியார் மன்றாட்டு வாசித்தார். மழைக்காக, நோயாளிகளுக்காக... அப்புறம் அதே குரலில், "தான்சானியா நாட்டில் இறந்துபோன அலோசியஸ் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும், இங்கே வந்திருக்கிற அவர் மனைவி, மகளின் ஆறுதலுக்காகவும்" என்றார்.

அலோய்ஸ் அலோசியஸ் ஆகிவிட்டார். அந்தப் பெயரில் ஆவூரைச் சுற்றி எத்தனை பேர் இருப்பார்களோ. தமிழ் தெரியாத அம்மாவுக்குக்கூட அந்தப் பெயர் கேட்டுவிட்டது. சட்டென்று நிமிர்ந்து மகளைப் பார்த்தார். நேமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் செபஸ்தியானின் தங்கை ஆரோக்கியமேரி நின்றிருந்தாள். கூட ஏழெட்டுப் பெண்கள். யாரும் போட்டோ எடுக்க வரவில்லை. "எந்த ஊரு? தலைமுடி எப்படிப் பின்னுனீங்க?" என்று கேட்கவில்லை. ஆரோக்கியமேரி நேராக வந்து நேமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்கு என்னத்தா செஞ்சுச்சு?"

நேமா என்னைப் பார்த்தாள்.

"காலையில தோட்டத்துக்குப் போனாங்க," என்றாள் நேமா, தன் உடைந்த தமிழில். "காப்பித் தோட்டம். அங்க விழுந்துட்டாங்க."

"யாரு பாத்தா?"

"பக்கத்துத் தோட்டத்து அண்ணன்."

"ஆசுபத்திரிக்குக் கொண்டு போனாகளா?"

"போற வழியிலயே..." நிறுத்தினாள். "நான் போகல. எல்லாரும் இருந்தாங்க. நான் மட்டும் போகல."

அழுகை வந்தது. ஒரு வருஷத்து அழுகை. அம்மா கீழே உட்கார்ந்து மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். இமானுவேல் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார். ஆரோக்கியமேரி கையால் தடுத்தாள்.

"விடுங்கண்ணே. அழுவட்டும்."

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நின்றுவிட்டார். சுற்றி இருந்த பெண்களில் பாதிப்பேர் அழுதுகொண்டிருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு அப்பா இருந்திருப்பார்.

துக்கம் விசாரிப்பது என்கிறோம். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கவனித்தேன். விசாரிப்பது. என்ன ஆச்சு, யாரு பாத்தா என்று ஒருவர் கேட்க, ஒருவர் சொல்ல வேண்டும். ஒரு வருஷமாக நேமாவுக்கு எல்லோரும் ஆறுதல் சொன்னோம். கேட்டது ஆரோக்கியமேரிதான்.

அழுது ஓய்ந்ததும் யாரோ சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். முகம் கழுவினாள். பெண்கள் ஒவ்வொருவராக அம்மாவின் கையைத் தொட்டுவிட்டு, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நடந்தார்கள்.

"ஏன் சொல்லிக்கொள்ளாமல் போகிறார்கள்?" என்று இமானுவேல் என்னிடம் கேட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல மாட்டார்கள் என்றேன். அவர் ஸ்வாஹிலியில் அக்காவுக்குச் சொன்னார். அம்மா, போகிற பெண்களையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விராலிமலைக்குப் போகவில்லை. மயில்கள் மன்னிக்கட்டும். வீட்டுக்கு வந்தோம். அம்மாவும் மகளும் மாடிக்குப் போனார்கள். நான் ரசம் வைத்தேன். மேலே பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு தடவை சிரிப்புகூட. கீழே இருந்த எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் ரசம் நன்றாக வந்தது.

திருச்சி ஏர்போர்ட்டில் இமானுவேல் டிராலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். அம்மா என்னிடம், "படிப்பை முடித்துவிட்டே வரட்டும்" என்றார். "தனியாக இருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் செபஸ்தியானிடம் நம்பர் வாங்கி ஆரோக்கியமேரிக்குப் போன் போட்டேன். நன்றி என்று ஆரம்பித்தேன். முடிக்கவிடவில்லை.

"என்னக்கா நீங்க... கேதத்துக்குப் போனதுக்குப் போயி யாராச்சும் தேங்க்ஸ் சொல்லுவாகளா? வைங்க போனை."

வைத்துவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பத்திரிகைப் பத்தியில் நான் நன்றி சொன்னால் யாரும் குறுக்கே பேச முடியாது.