அவளுடைய அப்பா வரும் ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலிருந்தே எனக்கு மனம் சரியாக இருக்காது. அன்றுதான் அவளுடைய அப்பா வருவார்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு நான்கு வயது. அம்மா இறந்துவிட்டாள். அப்பா, உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குக் கயிற்றில் தொங்கியபடி பெயிண்ட் அடிப்பவர். ஒரு மழைக்காலத்தில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மும்பையில் அவருக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. குழந்தைகள் நலக் குழு அவளை எங்களிடம் ஒப்படைத்தது. இது தத்து இல்லை. அவர் எழுந்து நடமாடி, ஒரு பிள்ளையை வளர்க்கும் நிலைக்கு வரும்வரை நாங்கள் வளர்க்க வேண்டும், பிறகு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எனக்கும் மனைவிக்கும் பிள்ளை கிடையாது. செம்பூரில் சின்ன வீடு, லிஃப்ட் ரிப்பேர் வேலை. எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சரி என்றோம்.

அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கு பைக்கில் கொண்டுபோய் விடுவேன். என்னை மாமா என்பாள், மனைவியை அத்தை என்பாள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியின் கணபதி விழாவில் குழந்தைகளின் ஆட்டத்துக்கு அவள் பெயரைக் கொடுத்தபோது, இந்தக் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம் என்று செக்ரெட்டரி இழுத்தார். என் மனைவி அவர் வாசலிலேயே நின்று வாதாடி மேடை ஏற்றினாள். அந்த ஆட்டத்தைப் பார்க்க அவளுடைய அப்பா ஊன்றுகோலோடு தாராவியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். அவள் மேடையிலிருந்து இறங்கி எங்களைத் தாண்டி ஓடிப் போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஞாயிறுதோறும் வேர்க்கடலைச் சிக்கி, நம் ஊர்க் கடலைமிட்டாய்தான், கொண்டுவருவார். ஒரு பொட்டலம், அவ்வளவுதான். அதை அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவாள். நான் வாங்கிக் கொடுத்த சைக்கிள் பால்கனியில் நிற்கும். வேலை முடிந்து வரும்போது பெரிய கடையாகப் பார்த்து நானும் ஒருமுறை சிக்கி வாங்கி வந்தேன். ஒரு துண்டு தின்றுவிட்டு, இது பல்லில் ஒட்டுகிறது என்றாள்.

இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் பள்ளியிலேயே வயிற்று வலியில் சுருண்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றே ஆபரேஷன் என்றார்கள். சம்மதக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். நீங்கள் குழந்தைக்கு யார் என்று டாக்டர் கேட்டார். குழு கொடுத்த உத்தரவைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, வளர்க்கத்தான் சொல்லியிருக்கிறது, ஆபரேஷனுக்குச் சம்மதம் தரலாம் என்று இதில் இல்லையே, அப்பா உயிரோடு இருக்கும்போது அவரைக் கூப்பிடுங்கள் என்றார். உள்ளே அவள் மாமா, மாமா என்று அழுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

நானேதான் அவருக்கு போன் செய்தேன். ஆட்டோவில் வந்து இறங்கினார். நர்ஸ், டாக்டர் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவர் கையெழுத்துப் போட்டார். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா, முன்பு என்ன நோய் வந்தது என்று டாக்டர் கேட்டபோது அவர் திரும்பி என்னைக் கைகாட்டினார். அதெல்லாம் எனக்குத் தெரியாது, அவரைக் கேளுங்கள் என்று ஹிந்தியில் சொன்னார். நான் முன்னால் வந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்போதும் எனக்கு ஆறவில்லை. பெயர் அவருக்கு, விவரம் மட்டும் என்னிடமா என்றுதான் தோன்றியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த வார்டில் பெண்கள் மட்டும்தான் துணைக்கு இருக்கலாம் என்பதால் மனைவி உள்ளே போனாள். நாங்கள் இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வாங்கி வந்து கொடுத்தேன். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. ஒங்களப் பாத்தா எனக்கு வயிறு எரியுது" என்றார்.

"என்னையா? எதுக்கு?"

"எங்கூட இருக்கும்போதுலாம் வீட்ல அப்படி, வீட்ல இப்படின்னு சொல்லுதா. வீடுன்னு அவ சொல்லுதது ஒங்க வீட்டத்தான். நான் தங்கியிருக்க எடத்த ரூம்னுதான் சொல்லுவா."

"தம்பி, எனக்கும் அப்படித்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்தாலே" என்றேன். அவர் அப்போதுதான் டீயைக் குடித்தார்.

எங்களைப் போல் பிள்ளை வளர்ப்பவர்கள் மாதம் ஒருமுறை மாட்டுங்காவில் ஒரு ஹாலில் கூடுவோம். அடுத்த கூட்டத்தில் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னேன். ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு உள்ளே விடாத கதை, வாடகை வீட்டுக்காரர் யார் குழந்தை என்று குடைந்த கதை. எங்களுக்குப் பொறுப்பான சமூகப் பணியாளர், அவசர சிகிச்சைக்கு எங்கள் கையெழுத்தும் செல்ல வேண்டும் என்று குழுவின் முன் எங்களைப் பேசவைத்தார். அவளுடைய அப்பாவும் கூட வந்தார். பெத்தவன் நானே கேக்கேன், இவங்களுக்கு அந்த உரிமையக் குடுங்க என்றார். எங்கள் உத்தரவில் அதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றவர்களும் அதைக் காட்டிக் கேட்டு வாங்கினார்கள்.

நாங்கள் அதைப் பயன்படுத்த வேண்டிய தேவை வரவில்லை. அடுத்த கோடை விடுமுறையில் அவள் அவரோடு போய்விட்டாள். அவருக்கு ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருந்தது, வடாலாவில் தனி அறையும் எடுத்திருந்தார். போன பிறகு அவளைப் பார்க்க எங்களுக்குச் சட்டப்படி எந்த உரிமையும் இல்லை. பார்க்க வரலாமா என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவராகவே, சனிக்கிழமை எனக்கு டூட்டி, இங்கேயே விட்டுவிட்டுப் போகட்டுமா என்றார்.

இப்போது சனிக்கிழமைகளில் வருகிறாள். போன வாரம் சாப்பிடும்போது, அப்பா அவளுக்கு ரெட்டைப் பின்னல் போடுவதாகவும், நான் போடுவதைவிட அது இறுக்கமாக நிற்பதாகவும் சொன்னாள். தலையைத் திருப்பிக் காட்டினாள். உண்மையிலேயே நன்றாகத்தான் பின்னியிருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்னொரு தோசை வைக்கட்டுமா என்று கேட்டேன்.