இரண்டு பூட்டு போட்ட அம்புப் பலகை

எங்கள் நிலம் கடலுக்குள் நீட்டிய கை மாதிரி இருக்கும். மூன்று பக்கமும் தண்ணீர். கை தொடங்கும் இடத்தில் சந்தை கூடும் ஊர். அங்கே சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று கிழக்குக் கரையோரம், இன்னொன்று மேற்குக் கரையோரம். இரண்டும் கடைசியில் நில முனையில் உள்ள கலங்கரை விளக்கத்தில் போய்ச் சேரும். எந்த வழியாகப் போனாலும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். ஆனால் இதைக் கிழக்குக் கரைக்காரனிடம் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவான். மேற்குக் கரைக்காரனிடமும் சொல்லாதீர்கள். நானே மேற்குக் கரைக்காரன், மினி பஸ் ஓட்டுகிறேன்.

என் அண்ணி கிழக்குக் கரையில் பிறந்து மேற்குக் கரையில் வாழ்க்கைப்பட்டவர். போர்டு எழுதுவது தொழில். ஊர்ப்பெயர்ப் பலகை, பள்ளிக்கூடச் சுவர், படகுகளின் மூக்கு, எல்லாம் அவர் கைதான். கை ஆடாமல் இருக்க ஒரு குச்சியைச் சுவரில் ஊன்றி, அதன்மேல் மணிக்கட்டை வைத்து எழுதுவார். அதிகம் பேச மாட்டார். அதற்காக வாயில்லாப் பூச்சி என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். எழுத்து கோணலாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னபோது, நீங்கள் நேராக நின்று பாருங்கள் என்று சொன்னவர் அவர்.

அப்பா இல்லாத அண்ணியை வளர்த்து ஆளாக்கியது அவருடைய அண்ணன். கல்யாணத்தன்று கிழக்குச் சாலையில் கடல் ஏறி, அந்த மனிதர் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. என் அம்மா காத்திருக்கவில்லை. கல்யாணத்தை முடித்து எல்லோருக்கும் சாப்பாடும் போட்டுவிட்டாள். அவர் வந்தபோது காலி நாற்காலிகள்தான் இருந்தன. தங்கையின் தலையைத் தொட்டுவிட்டு வந்த வழியே திரும்பினார். அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அண்ணிக்குப் பெண் பிறந்து, அது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் மாமா வரவில்லை. அண்ணிக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே குறை அதுதான். அண்ணன் ஒரு நாள் வந்து நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வேறெதையும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இப்படி இருக்கையில் கலங்கரை விளக்கம் பார்க்க வெளியூர்க் கார்கள் வரத் தொடங்கின. சாலை பிரியும் இடத்தில் வழிகாட்டிப் பலகை வைக்கச் சொல்லி அண்ணிக்கு வேலை வந்தது. இங்கே பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பை அவர் செய்தார். கலங்கரை விளக்கம் என்று எழுதி, இடது பக்கம் ஓர் அம்பு, வலது பக்கம் ஓர் அம்பு போட்டுவிட்டார். எங்களுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. வெளியூர்க்காரர்களோ வண்டியை நிறுத்திவிட்டுச் சண்டை போட்டார்கள். புருஷன் இந்தப் பக்கம் என்பான், பெண்டாட்டி அந்தப் பக்கம் என்பாள். ஒரு கார் இரண்டு சாலைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் இறங்கியது. முடிவெடுக்க முடியாமல்தான் அங்கே போயிருக்கும்.

ஒரே அம்பு போதும் என்று, வேலை கொடுத்த சாலைத் துறை இன்ஜினியர் அம்மா சொன்னார். எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, ஊரைக் கேட்டு நீங்களே போடுங்கள் என்று கை கழுவிவிட்டார். அங்கேதான் சிக்கல். மேற்குச் சாலையில் என் அம்மாவின் டீக்கடை. கிழக்குச் சாலையில் அண்ணியின் அண்ணனுக்குப் பஞ்சர் கடை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது அண்ணி. அம்மா வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள், அவ்வளவுதான். அண்ணியின் அண்ணன் ஃபோன் போட்டு, புகுந்த வீட்டுப் பக்கமே போட்டுக்கொள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்றாராம். ஒன்றும் நினைக்காதவர் எதற்கு ஃபோன் போட வேண்டும்? என் அண்ணன் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டான். வீட்டில் பிரச்சினை என்றால் அவனுக்கு மீன் நிறையக் கிடைக்கும்.

அண்ணி இரண்டு மூன்று நாள் யோசித்தார். இங்கே பாதி வருஷம் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும், அப்போது கிழக்குச் சாலை தண்ணீரில் கிடக்கும். மீதி வருஷம் மேற்குச் சாலைக்கு அந்தக் கதி. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், சண்டை மும்முரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அண்ணி ஒரு வெல்டரைப் பிடித்து, கம்பத்தில் சுழலும்படி ஒரு பலகை செய்து, இரண்டு முகத்திலும் எழுதினார். காற்று திரும்பும்போது அம்பையும் திருப்பிவிடலாம். யாராவது கள்ளத்தனமாகத் திருப்பிவிட்டால் என்ன செய்வது என்று இன்ஜினியர் அம்மா கேட்டார். அதற்கு இரண்டு பூட்டு. இரண்டையும் திறந்தால்தான் பலகை அசையும். ஒரு சாவியை என் அம்மாவிடமும் இன்னொன்றைத் தன் அண்ணனிடமும் கொடுத்தார். இரண்டு கரையிலும் வேறு ஆளா இல்லை? அண்ணியின் கணக்கு எனக்கு அன்றே புரிந்துவிட்டது.

பலகை ஏறியபோது மேற்குக் காற்று. அம்பு கிழக்கே காட்டியது. பஞ்சர் கடைக்கு நல்ல வியாபாரம். அம்மா டீ ஆற்றிக்கொண்டே காற்று எப்போது திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் திரும்பியது. கிழக்குச் சாலையில் கடல் ஏறுகிறது என்று தகவல் வந்ததும், அம்மாவையும் அண்ணியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். அம்மா தன் பூட்டைத் திறந்தாள். அடுத்த பூட்டுக்கு ஆள் இல்லை. ஃபோன் போட்டால் போகவில்லை. ஒரு வெளியூர்க் கார் அம்பைப் பார்த்துக் கிழக்கே திரும்பியது. நான் ஓடிப்போய் மறித்தேன்.

"வர மாட்டான். தன் பொழப்புல தானே மண்ணள்ளிப் போட எவன் வருவான்?" என்றாள் அம்மா.

அண்ணி கிழக்குச் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

அப்புறம் அண்ணியின் அண்ணன் வந்தார். இடுப்புவரை நனைந்து, தண்ணீர் புகுந்து நின்றுபோன பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஃபோனும் நனைந்து செத்திருந்தது. அம்மா பக்கம் திரும்பாமல் தங்கையிடம்தான் பேசினார்.

"சாவி என்கிட்ட இருக்கறப்ப, தெரியாம எவனாவது தண்ணிக்குள்ள வண்டிய விட்டா அந்தப் பாவம் எனக்குத்தானே?"

பூட்டைத் திறந்தார். உப்புக்காற்றில் பலகை இறுகிக் கிடந்தது, ஒருவர் தள்ளி அசையவில்லை. நான் முன்னால் போகப் பார்த்தேன், அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அம்மா ஒரு பக்கமும் அண்ணியின் அண்ணன் ஒரு பக்கமும் முகம் பார்க்காமலே தள்ளினார்கள். அம்பு மேற்கே திரும்பியது. அவர் பூட்டைப் போட்டுவிட்டு, பைக்கைத் திரும்பவும் தண்ணீர்ப் பக்கமாகத் தள்ளினார்.

"எங்க போற?" என்றாள் அம்மா.

"வீட்டுக்கு."

"அந்தத் தண்ணியிலயா?" அம்மா தன் பூட்டையும் போட்டுச் சாவியை உருவினாள். "அம்பு எந்தப் பக்கம் காட்டுது, பாரு. அந்தப் பக்கம் வா, தம்பி. அன்னைக்கு நான் காத்திருந்திருக்கணும்."

அவர் பைக்கைத் திருப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பைக்கை பஸ்ஸில் ஏற்ற ஒரு கை கொடுக்கச் சொன்னார். நாங்கள் தூக்கிக்கொண்டிருக்கும்போதே அண்ணி உள்ளே போய் உட்கார்ந்து வீட்டுக்கு ஃபோன் போட்டார். அழுகையில் குரல் சரியாக வரவில்லை. மகளிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"மாமா வராருடி. கதவத் திறந்து வை."