வடிகானுக்குள் நின்றவர்

வெள்ளிக்கிழமை கலியாண வீட்டில் மணப்பெண், திங்கட்கிழமை கல்முனையில் ஏதாவது ஒரு வடிகான். பல வருடமாக என் கமரா பார்த்துவருவது இந்த இரண்டையும்தான். பெண்கள் பக்கத்துக்குப் படம் எடுக்கப் பெண்தான் வேண்டும் என்பதால் கலியாண வேலை தானாக வந்தது. வீதி வேலை அப்படி வரவில்லை. முன்பு அதைச் செய்துவந்தவர் கட்டாருக்குப் போய்விட, வேறு ஆள் கிடைக்காமல் மாநகரசபைக் கந்தோர்க்காரர் என்னிடம் வந்தார்கள். ஒரு பொம்பிளை நடுறோட்டில் கமராவோடு நிற்பதா என்று வீட்டில் ஆளுக்கொரு கதை கதைத்தார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அந்தக் கோபத்திலேயே ஓமென்று சொல்லிவிட்டேன்.

கந்தோருக்கு ஒவ்வொரு வேலைக்கும் மூன்று படம் வேண்டும். தொடங்குவதற்கு முன் ஒன்று, வேலை நடக்கும்போது ஒன்று, முடிந்த பிறகு ஒன்று. வீதியின் பெயரும் திகதியும் எழுதிய சின்னக் கரும்பலகை ஒன்று படத்தின் மூலையில் இருக்க வேண்டும். ஒருமுறை எனக்குச் சொல்லாமலே கடற்கரைப் பக்கம் ஒரு வடிகானை வெட்டிவிட்டார்கள். 'முன்' படம் இல்லாமல் பைல் நகராது என்றதும், வெட்டிய மண்ணையெல்லாம் திருப்பி நிரப்பி, மேலே கொஞ்சம் குப்பையும் போட்டு வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஏசிய ஏச்சு அந்த வீதிக்கே கேட்டிருக்கும். ஏசிவிட்டுப் படத்தையும் எடுத்துக் கொடுத்தேன். கடைக்காரப் பொடியன்மார் அதற்குப் பிறகு என்னைக் கண்டால் விடமாட்டார்கள். கானுக்கும் கலியாணமா ராத்தா, மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்பார்கள்.

கானின் ஆழம் படத்தில் தெரியாது. எவ்வளவுதான் குனிந்து எடுத்தாலும் வெறும் கறுப்புக் கோடாகத்தான் விழும். அதனால் ஒரு ஆளை உள்ளே இறக்கி, கையில் அளவு நாடாவைக் கொடுத்து நிற்பாட்டுவோம். அப்படி நின்றவர்தான் அந்த அண்ணன். சொறிக்கல்முனையில் இருந்து சைக்கிளில் வருவார். நாள்கூலி. விடியக் கந்தோர் வாசலில் ஆட்கள் கூடுவார்கள், மேற்பார்வையாளர் கை காட்டுகிறவருக்கு அன்றைக்கு வேலை, மற்றவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். கான் மூடி விழுந்து அவருடைய இடது கை மோதிர விரல் நசுங்கியிருந்தது. அது மடங்காது. நாடாவைப் பிடித்தால் அந்த விரல் மட்டும் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதையும் மடக்குங்கள் என்று முதல் நாள் நான் அதட்ட, அவர் விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் அடுத்த நாள் வேறு எதற்கோ ஏசினேன்.

போன மாரிமழைக்குப் பிறகு ஒருநாள் அவரும் மனைவியும் என் வீட்டுக்கு வந்தார்கள். நாள்கூலிக்காரரை நிரந்தரமாக்கப் பெயர்ப்பட்டியல் எடுக்கிறார்களாம். இடைவிடாமல் வேலை செய்ததற்கு அத்தாட்சி கொடுக்க வேண்டும். மற்றப் பகுதிக்காரருக்கெல்லாம் வேலைக்கு வந்த நாளைப் பதியும் வரவுப் புத்தகம் இருக்கிறது. கான் வேலைக்காரரின் புத்தகம் மட்டும் வெள்ளத்தில் ஊறிப் பசையாகிப் போயிருந்தது. சாட்சி சொல்லவும் ஆளில்லை, அவரோடு நின்றவர்களில் சிலர் வெளிநாடு போய்விட்டார்கள், சிலர் வயல்வேலைக்கே திரும்பிவிட்டார்கள், மிச்சம் இவர் ஒருவர்தான். இந்தமுறை தவறினால் வயது கடந்துவிடும், பிறகு சாகும்வரை விடிய வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். இவ்வளவையும் மனைவிதான் சொன்னார். அண்ணன் கோப்பைத் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, உங்கட கமராவத்தான் நம்பி வந்திருக்கம்" என்றார் அவர் மனைவி.

இதற்கா இவ்வளவு யோசனை, எல்லாம் திகதியோடு என்னிடம் இருக்கிறது, போய் நிம்மதியாக இருங்கள் என்று பெரிய ஆள் மாதிரிச் சொல்லி அனுப்பினேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கொம்பியூட்டரைத் திறந்தேன்.

ஒரு படத்திலும் தலை இல்லை.

கான் இருக்கிறது, பலகை இருக்கிறது, திகதி இருக்கிறது. சாரனை மடித்துக்கட்டிய ஒரு ஆள் நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கழுத்தோடு படம் முடிகிறது. அடுத்த படமும் அப்படித்தான், அதற்கு அடுத்ததும் அப்படித்தான். வருடக்கணக்கில் தலையில்லாத ஒரு மனிதன் கல்முனை முழுக்கக் கானுக்குள் நிற்கிறான்.

முதலில் கந்தோர்க்காரரை மனதுக்குள் கிழித்தேன். முகம் வேண்டாமென்று சொன்னவர்கள் அவர்கள்தானே என்று நினைத்தேன். பிறகு யோசித்து யோசித்துப் பார்த்தால், அப்படி ஒருவரும் சொல்லவில்லை. ஆரம்பத்தில் கந்தோரில் ஒரு ஐயா என் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, கானைப் பார்க்கச் சொன்னால் கண் ஆளின் முகத்துக்கல்லவா போகிறது என்று சிரித்தார். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டுவிட்டது. இனி ஒருவரும் என் படத்தில் குறை சொல்லக்கூடாது என்ற ரோசத்தில், அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தையும் வீட்டுக்கு வந்து கழுத்தோடு வெட்டினேன். இடம் நிறைந்துவிடும் என்று வெட்டாத மூலப் படங்களை அழித்தும் விட்டேன். மணப்பெண்ணின் நெற்றியில் ஒரு முடி விலகியிருந்தாலும் பத்துத் தரம் திருத்துகிறவள் நான். ஒரு மனிதனின் தலையை எடுக்கும்போது கை கொஞ்சமும் கூசவில்லையே, யா அல்லாஹ் என்று அங்கேயே இருந்து அழுதேன்.

அத்தாட்சி பார்க்கும் நேர்முகத்துக்கு ஏழு நாள்தான் இருந்தது. அண்ணன் இரண்டுதரம் போன் எடுத்துக் கேட்டார். படங்கள் தயார், நான் கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது என்று எனக்கே தெரியும். விரலும் திகதியும் தெளிவாக விழுந்த படங்களாகப் பார்த்து, மாதத்துக்கு ஒன்றென்று பிரதி எடுத்தேன். என்ன ஆனாலும் அவருடைய பெயர் பட்டியலில் ஏற வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்டேன்.

அண்ணனோடு நானும் நேர்முகத்துக்குப் போனேன், உள்ளே மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாதான் பெரிய அதிகாரி. படங்களை மேசை நிறையப் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி அண்ணனிடம் கேட்டார்.

"முகம் இல்லாம இது நீங்கதான் எண்டு நாங்க எப்பிடி எழுதுற?"

நான் அண்ணனின் முகத்தைப் பார்க்கப் பயந்து பயந்து பார்த்தேன். அவர் திடுக்கிடவில்லை. தெரிந்த ஆட்களைப் பார்ப்பது போலப் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாடா ஒன்று இருக்குமா என்று பணிவாகக் கேட்டார். மேசை லாச்சியில் இருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அதை இழுத்துப் பிடித்து, மேசைக்கு நேரே அசையாமல் நின்றார். மோதிர விரல் நீட்டிக்கொண்டு நின்றது.

அம்மா அந்தக் கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். அடுத்த படத்தையும் கையையும் பார்த்தார். ஒன்றுவிடாமல் அத்தனை படத்தையும் அப்படியே ஒப்பிட்டார். அதுவரை அண்ணன் நாடாவை இறக்கவில்லை. கடைசிப் படத்தையும் வைத்துவிட்டு, பைலில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, உங்கள் பெயர் போகும் என்று சொன்னார். அடுத்த மாதம் நியமனக் கடிதமும் வந்துவிட்டது. ஆனால் எனக்கு மறக்க ஏலாமல் இருப்பது, நேர்முகம் முடிந்து வெளியே வந்த பிறகு வாசலில் நடந்த கதை.

"அண்ணன், தலைய வெட்டினது நான்தான். ஒருத்தரும் வெட்டச் சொல்லல்ல" என்றேன்.

படத்தில் தலை இல்லாதது தனக்கு முன்பே தெரியும் என்றார். எனக்கு விளங்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். சில வருடத்துக்கு முன், செய்து முடித்த வேலைகளின் படங்களைக் கந்தோர் விறாந்தையில் ஒட்டியிருந்தார்களாம். தன் படமும் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைச் சைக்கிளில் ஏற்றிக் காட்டக் கூட்டிவந்திருக்கிறார். அவள் அப்போது முதலாம் வகுப்பு. நெடுநேரம் தேடிவிட்டு, இது அப்பாவின் சாரன்தானே, அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறாள். திரும்பும் வழியில் ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தேன், அதோடு மறந்துவிட்டாள் என்று சொல்லி அவர் சிரித்தார்.

அதற்குப் பிறகும் எத்தனை கானுக்குள் என் முன்னால் வந்து நின்றிருக்கிறார். ஏன் ஒரு சொல் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"படம் புடிக்கிற நாளெண்டா என்னத்தான் கூப்பிடுவாங்க தங்கச்சி. அண்டைக்கு வேலை நிச்சயம். தலையக் கேக்கப் போய், வேற ஆள இறக்கிப்போட்டா? படத்தில காலும் இல்லாமப் போயிருமே எண்டு பயந்திட்டன்."

ஊரையெல்லாம் ஏசி ஏசியே பழகியவள் நான். அன்றைக்கு ஏசுவதற்கு என்னைத் தவிர ஒருவரும் இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, கந்தோர் வாசலில் நின்று அழுதேன். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் என் கமராப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, நான் அழுது முடியும்வரை பக்கத்தில் நின்றார்.